மென்பொருள் அமலாக்கத்தில் முன்னேற்றத்தையும் பின்னடைவையும் எதில் குறித்து வைப்பது? எக்செல், கான்ட் சார்ட், போர்டு, பதிவேடு: ஓர் ஒப்பீடு

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், கொள்முதல், ஸ்டாக், மனிதவளம், எதற்கானதாகவும் இருக்கலாம். வெண்டரோடு ஒப்பந்தம் போட்டாயிற்று, முதல் மீட்டிங் முடிந்தாயிற்று, கோ-லைவ் தேதியை, அதாவது புதிய மென்பொருளை நிஜ வேலைக்குத் திறக்கும் நாளை, எல்லாரிடமும் சொல்லியாயிற்று. ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது, கூடவே "இதையெல்லாம் எதில் ட்ராக் பண்ணப் போகிறீர்கள்?" என்ற கேள்வியும் வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். கைக்கு எது பழக்கமோ அது. ஆனால் அடுத்து வரும் மாதங்களில் யாருக்கு எந்த விஷயம் எப்போது தெரியவரும் என்பதை அந்த ஐந்து நிமிடம்தான் தீர்மானிக்கிறது, அதனால் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நன்றாக நகரும்போது எல்லா முறையும் நல்ல முறைதான். எந்த அட்டவணையிலும் முன்னேற்றம் அழகாகத் தெரியும். ஆகவே ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, பின்னடைவு வந்தால் அதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்பதைத்தான். தேதி தள்ளிப்போனால் பழைய தேதி அங்கேயே இருக்குமா, அழிந்துவிடுமா? முடிந்தது என்று சொன்ன வேலை திரும்பி வந்தால் அது கண்ணில் படுமா? நாற்பது வேலை முடிந்த பட்டியலில், முடியாத ஒரே ஒரு வேலை மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியிருந்தால் மேலே இருப்பவருக்கு அது தெரியுமா? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். மென்பொருளை எழுதுவது வேறு, வாங்கிய மென்பொருளை ஓர் அலுவலகத்தில் அமல்படுத்துவது வேறு. இரண்டாவதில் நிரல் ஏற்கெனவே இருக்கிறது. மீதி வேலை என்னவென்றால் கான்ஃபிகரேஷன் (மென்பொருளை நம் விதிகளுக்கு ஏற்ப அமைப்பது), பழைய டேட்டாவைச் சுத்தம் செய்து மாற்றுவது (மைக்ரேஷன்), மற்ற சிஸ்டங்களோடு இணைப்பது, ஆட்களுக்குப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக முடிவுகள். யார் ஒப்புதல் கொடுப்பது, எந்தக் கணக்குத் தலைப்பு, எந்த விதி, பழையபடியா புதியபடியா. தாமதத்தில் பெரும்பங்கு இந்த முடிவுகளிலிருந்தும் டேட்டாவிலிருந்தும் வருகிறது, அவை இரண்டும் பெரும்பாலும் வாங்கியவர் பக்கத்து வேலை. டெவலப்பர்களுக்காக உருவான கருவிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் இந்தப் பகுதிதான் விடுபட்டுப்போகும்.

எக்செல் ஷீட்

ஷீட்டைக் குறைத்துப் பேசுபவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாருக்கும் தெரிந்த கருவி, லைசென்ஸ் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், அக்கவுண்ட்ஸில் இருப்பவரும் வெண்டரின் கன்சல்டன்ட்டும் ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எந்தக் கருவியை வாங்கினாலும் கடைசியில் யாராவது ஒருவர் "அதை எக்செல்லில் அனுப்புங்கள்" என்று கேட்பது நிச்சயம்.

பிரச்சினை ஷீட்டில் இல்லை, நாம் அதில் வழக்கமாகப் போடும் 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்ற கட்டத்தில் இருக்கிறது. ஒரு வரியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 'ஊழியர் விடுப்பு இருப்பு மைக்ரேஷன்: 90%.' அடுத்த வாரமும் 90. அதற்கடுத்த வாரம் 92, ஏனென்றால் மூன்று வாரம் ஒரே எண்ணைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான ஊழியர்களின் இருப்பு முதல் வாரமே ஏறிவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் வருட நடுவில் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள், பழைய சிஸ்டத்தில் அவர்களுக்கு இரண்டு ஊழியர் எண், இரண்டிலும் விடுப்பு இருக்கிறது. எந்த எண்ணில் இருப்பதை எடுப்பது, இரண்டையும் கூட்டுவதா? அதை மனிதவளத் துறைத் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும், அவரிடம் இன்னும் யாரும் கேட்கவே இல்லை. ஆக அந்த மிச்சம் 10 சதவீதத்தில் செய்ய வேண்டிய வேலை என்று எதுவுமே இல்லை, இருப்பது ஒரு கேள்வி. சதவீதத்தைப் போட்டவுடன் அந்தக் கேள்வி மறைந்துபோகிறது.

பெல் லேப்ஸில் இருந்த டாம் கார்கில் சொன்னதாக 1985இல் அச்சான ஒரு விதி இதையொட்டிப் பிரபலம்: முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தை எடுக்கும், மீதி 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுக்கும். புரோகிராமர்களைப் பற்றிச் சொன்னது, அமலாக்கத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொரு குறை, தேதியை மாற்றினால் பழையது போய்விடும். கூகுள் ஷீட்ஸில் பழைய வெர்ஷனைத் தேடி எடுக்கலாம்தான், ஆனால் மீட்டிங் நடுவில் யார் தேடப் போகிறார்கள்? இதற்கு மருந்து எளிது. 'முதலில் சொன்ன தேதி' என்று ஒரு கட்டம் வைத்து அதைப் பூட்டிவிடுங்கள். பக்கத்தில் 'இப்போதைய தேதி', அதற்குப் பக்கத்தில் 'எத்தனை முறை மாறியது'. சதவீதத்தை எடுத்துவிட்டு மூன்றே நிலை: தொடங்கவில்லை, நடக்கிறது, பயன்படுத்துபவர் பார்த்து ஒப்புக்கொண்டார். இவ்வளவு செய்தாலே சாதாரண ஷீட் பல விலையுயர்ந்த கருவிகளைவிட நேர்மையாக நடந்துகொள்ளும்.

கான்ட் சார்ட்

ஹென்ரி கான்ட் 1910களில் தொழிற்சாலை வேலைகளுக்காகப் பரவலாக்கிய பட்டை வரைபடம் இன்றும் எம்எஸ் ப்ராஜெக்ட் போன்ற திட்டமிடும் மென்பொருள்களில் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கிறது. எது முடிந்தால் எது தொடங்கும் என்பதைக் காட்டுவதில் இதற்கு இணை இல்லை. கணக்குத் தலைப்புகள் முடிவாகாமல் தொடக்க இருப்பை ஏற்ற முடியாது, தொடக்க இருப்பு ஏறாமல் ரிப்போர்ட்டைச் சரிபார்க்க முடியாது, இந்தச் சங்கிலியை ஷீட்டில் பார்ப்பது கஷ்டம். இதில் பார்த்தவுடன் தெரிகிறது.

பேஸ்லைன் என்று ஒரு வசதி உண்டு. முதல் திட்டத்தைச் சேமித்து வைத்தால், நிஜத்தில் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதைப் பக்கத்திலேயே இன்னொரு பட்டையாகக் காட்டும். என் முதல் கேள்விக்கு இது நல்ல பதில். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டு மூன்று முறை தேதி தள்ளிப்போன பிறகு "திட்டத்தை மறுபடி போடுவோம்" என்று உட்கார்ந்து புது பேஸ்லைன் எடுக்கிறார்கள். அடுத்த நாள் காலை சார்ட்டில் தாமதம் என்று எதுவுமே இல்லை, எல்லாம் சரியாகப் போகிற மாதிரி தெரிகிறது. புது பேஸ்லைன் எடுப்பது தவறில்லை. பழையதை மறைப்பதுதான் தவறு.

அதைவிடப் பெரிய ஆபத்து, தேதியை முதலில் நட்டுவிட்டு வேலைகளை அதற்குள் பின்னோக்கி அடுக்குவது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றியபோது சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வங்கிக்காகத் தயாரித்து 2019இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று இதுதான், திட்டம் வலமிருந்து இடமாக, அதாவது முடிவுத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடப்பட்டது; மறுதிட்டமிடும் வேலை முடிவதற்கு முன்பே புதுத் தேதி வெளியில் அறிவிக்கப்பட்டுவிட்டது. கான்ட் சார்ட் இந்தத் தப்பைத் தடுக்காது. எந்த வரிசையில் கேட்டாலும் பட்டையைச் சுருக்கிக் கொடுத்துவிடும், பார்க்க நம்பும்படியாகவும் இருக்கும்.

என் தீர்ப்பு: முழு ப்ராஜெக்டையும் இதில் நடத்த வேண்டாம். அதைப் புதுப்பிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவராகத்தான் இருப்பார், அவர் விடுப்பில் போனால் சார்ட் பழசாகிவிடும். ஆனால் கட்-ஓவர் வாரத்துக்கு, அதாவது பழைய சிஸ்டத்தை நிறுத்திப் புதியதைத் திறக்கும் அந்தச் சில நாட்களுக்கு, மணிக்கணக்கில் போட்ட ஒரு கான்ட் சார்ட் அவசியம். யார் எப்போது எதை முடிக்க வேண்டும், எந்த மணிக்குள் முடியாவிட்டால் பழையதற்கே திரும்புவோம் என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் வேறு எந்த முறையும் இதன் பக்கத்தில் வர முடியாது.

கான்பான் போர்டு

டொயோட்டாவில் தைச்சி ஓனோ உற்பத்திக்காக உருவாக்கிய கான்பான் முறையிலிருந்து கிளம்பி, இன்று ஜிரா, ட்ரெல்லோ போன்ற ஆன்லைன் போர்டுகள் வழியாக எல்லா அலுவலகத்துக்கும் வந்துவிட்ட முறை இது. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று வரிசைகள், ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வெண்டரின் டெக்னிக்கல் டீம் ஏற்கெனவே ஜிராவில்தான் இருக்கும், உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

தினசரி வேலைக்கு இது அருமை. குறிப்பாக டெஸ்டிங் தொடங்கிய பிறகு, குறைகள் ஒரு நாளைக்கு இருபது முப்பது என்று வரும் காலத்தில், போர்டு இல்லாமல் சமாளிக்க முடியாது. ஒரே நேரத்தில் இத்தனை கார்டுக்கு மேல் நடப்பில் இருக்கக் கூடாது என்ற வரம்பையும் சேர்த்து வைத்தால்தான் இது கான்பான், பலர் அந்த வரம்பை விட்டுவிட்டு வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வரம்பு இல்லையென்றால் நடப்பு வரிசை நீண்டுகொண்டே போகும், எது நிஜமாக நடக்கிறது எது கிடக்கிறது என்று தெரியாது.

பின்னடைவு விஷயத்தில் போர்டு பலவீனமானது. முடிந்ததிலிருந்து ஒரு கார்டு நடப்புக்குத் திரும்பினால், இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவருக்கு அது புதுக் கார்டு மாதிரிதான் தெரியும். ஜிரா வரலாற்றை உள்ளே வைத்திருக்கிறது, உண்மைதான், ஒவ்வொரு கார்டாகத் திறந்து பார்த்தால் கிடைக்கும், போர்டின் முகத்தில் இருக்காது. திரும்பி வந்த கார்டுக்கு 'மீண்டும் திறந்தது' என்று ஒரு லேபிள் போடுங்கள், எண்ணிக்கையோடு. மூன்றாவது முறை திரும்பி வந்த கார்டு, நிரலில் உள்ள குறையாக இருப்பது அரிது. தேவையையே இரண்டு பக்கமும் வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, நிதித் துறைத் தலைவர் ஜிராவுக்குள் வரமாட்டார். ஒரு வாரம் வருவார், அப்புறம் மெயிலுக்குத் திரும்பிவிடுவார். அவரிடமிருந்து வர வேண்டிய முடிவுகள் எந்தக் கார்டிலும் ஏறாமல் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். முன்பே சொன்னபடி தாமதமே அங்கிருந்துதான் வருகிறது.

பர்ன்-டவுன், பர்ன்-அப்

மிச்சமுள்ள வேலை நாளுக்கு நாள் குறைவதைக் காட்டும் கோடு பர்ன்-டவுன். வேலை ஏறக்குறைய ஒரே அளவுத் துண்டுகளாக இருக்கும் குழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும், அமலாக்கத்தில் துண்டுகள் அப்படி இருப்பதில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்றால் பர்ன்-அப் எடுங்கள். அதில் முடிந்த வேலைக்கு ஒரு கோடு, மொத்த வேலைக்குத் தனியாக இன்னொரு கோடு. ஸ்கோப், அதாவது மொத்த வேலையின் அளவு, கூடினாலும் குறைந்தாலும் மேலே இருக்கும் கோடு அசைவதால் உடனே தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள சிஸ்டம் ஒன்றே போதும். 2016 பிப்ரவரியில் தொடங்கி, ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் குறைவாகவோ அதிகமாகவோ போன, சிலருக்குப் போகாமலே இருந்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் 2018இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் உள்ளே என்ன நடந்தது என்று தெரிகிறது. 984 சம்பளச் செயல்பாடுகளில் 100க்கும் மேற்பட்டவை பட்ஜெட்டுக்குள்ளும் தேதிக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பதற்காக நீக்கப்பட்டன அல்லது தள்ளிவைக்கப்பட்டன. நிலுவைச் சம்பளம் கணக்கிடும் செயல்பாடும் அதில் ஒன்று. முன்னோட்டமாக ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் திட்டமும் கைவிடப்பட்டது. மொத்தத்தைக் குறைத்தால் மிச்சம் தானாகக் குறையும், மிச்சம் குறைந்தால் பர்ன்-டவுன் கோடு அழகாகக் கீழே இறங்கும். உங்கள் ப்ராஜெக்டிலும் "இதை இரண்டாம் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாக்கியம் வரத்தான் போகிறது, சில நேரம் அது சரியான முடிவாகவும் இருக்கும். அப்படி எடுக்கப்பட்டவை எல்லாம் ஒரே இடத்தில், யார் எடுத்தார்கள், அவை இல்லாமல் கோ-லைவ் அன்று யார் என்ன செய்வார்கள் என்பதோடு இருந்தாக வேண்டும்.

ஈட்டிய மதிப்பு என்று, முடிந்த வேலையைப் பண மதிப்பில் கணக்கிட்டுத் திட்டத்தோடு ஒப்பிடும் ஒரு கணக்கு முறையும் உண்டு, 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்காக விதியாக்கியது. பத்துப் பதினைந்து பேர் பகுதி நேரமாக வேலை செய்யும் அலுவலக அமலாக்கத்துக்கு அது தேவையில்லை, கணக்குப் போடவே ஓர் ஆள் வேண்டும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை ரிப்போர்ட்

ப்ராஜெக்டை மேற்பார்வையிடும் மேலதிகாரிகளின் குழுவான ஸ்டீரிங் கமிட்டிக்கு வாரம் ஒருமுறை போகும் ஒரு பக்க ரிப்போர்ட். மேலதிகாரிகளுக்கு இதுதான் பிடிக்கும், நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு பார்வையில் நிலைமை தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவரே அந்த நிறத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருப்பதால், சிவப்பு வருவதற்குள் ரொம்பத் தாமதமாகிவிடும். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்பதால் இந்த மாதிரி ரிப்போர்ட்டைத் தர்பூசணி ரிப்போர்ட் என்று ப்ராஜெக்ட் ஆட்கள் சொல்வது வழக்கம். மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும் வரியும் அதே வகைதான்.

நிறத்துக்கு அளவுகோல் எழுதி வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு ஆகும். ஆனால் அளவுகோலையே நகர்த்தும் அழுத்தம் வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையில் 2010 மார்ச்சில் தொடங்கிய சம்பள சிஸ்டம், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கானது. தொடங்கியதிலிருந்தே சம்பளம் தாறுமாறாகப் போனது, மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் போகும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். 2013இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, பயனர் சோதனையில் கிடைத்த குறைகள் கையாளப்பட்ட விதத்தைக் கடுமையாக விமர்சித்தது. தீவிரமானவை என்று இருந்த குறைகளின் நிலை குறைக்கப்பட்டு, சோதனையைத் தாண்டிப் போக வழி விடப்பட்டது. குறை அப்படியேதான் இருந்தது, அதன் பெயர்தான் மாறியது. ஆகவே குறையின் தீவிரத்தை மாற்றும் அதிகாரம் வெண்டரிடமும் ப்ராஜெக்ட் மேனேஜரிடமும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம், அந்த வேலையை நாளைக்குத் தினமும் செய்யப்போகும் துறையிடம்தான் இருக்க வேண்டும், மாற்றினால் பழைய நிலையும் பக்கத்தில் தெரிய வேண்டும்.

ரிப்போர்ட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. கமிட்டிக்கு ஏதாவது ஒன்று போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் இதை மூலமாக வைக்காதீர்கள், கீழே சொல்லப்போகும் இரண்டிலிருந்து எடுத்த சுருக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினைப் பதிவேடு

ரெய்ட் லாக் என்பார்கள். வரக்கூடிய ஆபத்துகள், நாம் உண்மை என்று எடுத்துக்கொண்ட அனுமானங்கள், இப்போது இருக்கும் பிரச்சினைகள், மற்றவர்களைச் சார்ந்த விஷயங்கள், இந்த நான்கையும் ஒரே இடத்தில் எழுதி வைப்பது. பல ப்ராஜெக்டில் இது இருக்கும், முதல் மாதம் ஆர்வமாக நிரப்பியிருப்பார்கள், அப்புறம் திறக்கவே மாட்டார்கள். நான்கு தாளும் எட்டு நெடுவரிசையுமாக டெம்ப்ளேட்டைக் கொடுத்தால் யார்தான் நிரப்புவார்கள்?

சுருக்கினால் இது உயிரோடு இருக்கும். ஒரே தாள், பின்னடைவுகளும் நிலுவையிலுள்ள முடிவுகளும் மட்டும். மேலே பார்த்த விடுப்பு விஷயத்தையே இதில் எழுதினால் இப்படி வரும்: 'இரட்டை ஊழியர் எண் உள்ளவர்களின் விடுப்பைக் கூட்டுவதா, புதிய எண்ணில் உள்ளதை மட்டும் எடுப்பதா. முடிவு எடுக்க வேண்டியவர்: மனிதவளத் துறைத் தலைவர். கேட்ட நாள் இது. எந்த நாளுக்குள் தேவை. அதற்குள் வராவிட்டால் நிற்பது: விடுப்பு மைக்ரேஷன், அதன்பின் சம்பளப் பேரலல் ரன் (பழைய சிஸ்டத்திலும் புதியதிலும் சம்பளம் போட்டு ஒப்பிடுவது). தேதி எத்தனை முறை தள்ளியது: 2.' கடைசி இரண்டும்தான் உயிர். எது நிற்கும் என்று எழுதிவிட்டால் அந்த வரி யாருக்கும் சின்ன விஷயமாகத் தெரியாது. எத்தனை முறை தள்ளியது என்று எழுதிவிட்டால் யாரையும் குற்றம் சொல்லாமலே விஷயம் விளங்கிவிடும்.

யாருடைய பெயரை எழுதுவது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பிரச்சினையைக் கொண்டுவந்தவரின் பெயரைப் போட்டால் அடுத்த முறை யாரும் பிரச்சினையைக் கொண்டுவர மாட்டார்கள். அதைத் தீர்க்க வேண்டியவரின் பெயர் மட்டும் போதும். ஒரு வரிக்கு ஒரே பெயர், 'ஐடி மற்றும் நிதித் துறை' என்று போட்டால் இரண்டு துறையும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பதிவேட்டை மட்டும் படித்தால் ப்ராஜெக்ட் மூழ்கிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை இது சொல்லாது. குழு சோர்ந்துபோகும். அதனால் இதற்கு ஒரு ஜோடி தேவை.

நடந்து முடிந்த வேலைகளை எண்ணுவது

அந்த ஜோடிதான் என் முதல் தேர்வு. டாஸ்க்குகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அலுவலகத்தில் நிஜமாக நடக்கும் வேலைகளைத் தொடக்கம் முதல் முடிவு வரை பட்டியல் போடுங்கள். முப்பது முதல் அறுபதுக்குள் வரும். அவற்றில் எத்தனையை, அந்த வேலையைத் தினமும் செய்யும் ஊழியரே, மாற்றப்பட்ட நிஜ டேட்டாவில், வெண்டரின் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் முடித்தார்? அந்த எண்தான் முன்னேற்றம், வேறு எதுவும் இல்லை.

உதாரணத்துக்குக் கொள்முதலில் ஒரு வரி. 'கோரிக்கை போடுவது, ஒப்புதல், ஆர்டர், சரக்கு பாதிதான் வந்தது, பில் முழு அளவுக்கு வந்தது, வந்த அளவுக்கு மட்டும் பணம்.' கான்ஃபிகரேஷன் பட்டியலில் பார்த்தால் கோரிக்கை, ஒப்புதல், ஆர்டர், சரக்கு வரவு, பில் என்று ஐந்தும் தனித்தனியாக 'முடிந்தது' என்று இருக்கும். ஸ்டோர்ஸில் இருப்பவர் உட்கார்ந்து ஓட்டுகிறார், பாதிச் சரக்கைப் பதிந்தவுடன் சிஸ்டம் ஆர்டரை மூடிவிடுகிறது, மீதிச் சரக்கு வந்தால் பதிய இடமே இல்லை. ஐந்து பகுதியும் தனித்தனியாகச் சரி, வேலை மட்டும் நடக்கவில்லை. இதைக் கோ-லைவுக்கு இரண்டு மாதம் முன்னால் கண்டுபிடிப்பதற்கும் கோ-லைவ் ஆன மூன்றாம் நாள் கண்டுபிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லவே வேண்டாம்.

பட்டியல் போடும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழிகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். ரத்து, திருப்பி அனுப்புவது, திருத்தம், மாத நடுவில் சேர்ந்தவர், மாத நடுவில் விலகியவர், ஒப்புதல் கொடுப்பவர் விடுப்பில் இருப்பது, இவையெல்லாம் வர வேண்டும். இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் பல வருடமாக அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள். அவர்களை இந்தப் பட்டியலுக்காக ஒரு மதியம் உட்கார வைத்துக் கேட்பதற்கு இணையான பயிற்சி வேறு கிடையாது, ப்ராஜெக்ட் தங்களுடையது என்ற எண்ணமும் அங்கேதான் வருகிறது.

இந்த முறையில் எண் குறையவும் செய்யும், அதுதான் இதன் பலம். போன வாரம் 22, இந்த வாரம் மென்பொருளுக்குப் புதிய பேட்ச் (திருத்தம்) போட்டபின் ஒப்புதல் உடைந்து 17. வேறு எந்த முறையிலும் முன்னேற்றம் பின்னால் போவதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. கமிட்டியிடம் இதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும், இந்த எண் இறங்கும், இறங்கினால் அதற்காகப் பதற வேண்டாம், ஏன் என்று கேளுங்கள் என்று.

குறை என்ன? தாமதமாகத்தான் உயிர் பெறும். முதல் சில வாரங்களுக்கு எண் பூஜ்யத்திலேயே நிற்கும், கான்ஃபிகரேஷன் நடந்துகொண்டிருக்கும், மேலே இருப்பவர் பொறுமை இழப்பார். அந்தக் காலத்துக்கு ஷீட்டில் அந்த மூன்று நிலைகளும், எடுக்கப்பட்ட முடிவுகளின் எண்ணிக்கையும் போதும். அப்புறம், ஊழியர்களின் நேரம் நிறைய வேண்டும், அவர்கள் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்காமல் இந்த முறையைத் தொடங்காதீர்கள்.

ஆக, எதை எடுப்பது

ஒரே துறை, ஐந்தாறு பேர், மூன்று நான்கு மாத வேலை என்றால் ஒரே ஒரு ஷீட் போதும், இரண்டு தாள்: வேலைகளின் பட்டியல் ஒன்று, பின்னடைவுப் பதிவேடு ஒன்று. போர்டு வேண்டாம். பல துறைகள், வெண்டர் பக்கம் தனிக் குழு, பழைய சிஸ்டங்களோடு இணைப்புகள் என்று இருந்தால் அதே இரண்டு தாளோடு டெஸ்டிங் காலத்துக்கு ஒரு போர்டு, கட்-ஓவருக்கு ஒரு கான்ட் சார்ட். சம்பளம் சம்பந்தப்பட்டது என்றால் பேரலல் ரன்னில் பழைய சிஸ்டத்துக்கும் புதியதற்கும் எத்தனை பேரின் தொகை வேறுபடுகிறது என்ற எண்ணைத் தனியாக, எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அந்த எண் விளக்கம் இல்லாமல் பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை தேதியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஜிரா வெண்டருடையதாக இருந்தால் குறைகள் அங்கேயே இருக்கட்டும், இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். ஆனால் வேலைகளின் பட்டியலும் பின்னடைவுப் பதிவேடும் உங்கள் கையில், உங்கள் டிரைவில் இருக்க வேண்டும். வெண்டருக்குக் கட்டணத் தவணைகள் 'முடிந்தது' என்ற நிலையோடு கட்டப்பட்டிருக்கும், அதனால் முடிந்தது என்றால் என்ன என்பதை அவர்களுடைய கருவி தீர்மானிக்க விடக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்றால், பெரிய தவணை ஒன்றை இந்தப் பட்டியலில் இத்தனை வேலை பயனர் கையால் நடந்தது என்பதோடு இணைக்கக் கேளுங்கள். நல்ல வெண்டர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள், பட்டியலை முன்கூட்டியே கேட்பார்கள், அவர்களுக்கும் எல்லை தெளிவாகிறது.

வாராந்திர மீட்டிங்கின் வரிசையையும் மாற்றுங்கள். வழக்கமாக முடிந்தவற்றிலிருந்து தொடங்கி நேரம் தீரும்போது பிரச்சினைக்கு வருவோம். பதிவேட்டை முதலில் திறங்கள், தேதி அதிக முறை தள்ளிப்போன வரி மேலே இருக்கும்படி வரிசைப்படுத்தி. அதன்பின் வேலைகளின் எண். மீதி நேரம் இருந்தால் மற்றவை.

ப்ராஜெக்ட் ஏற்கெனவே பாதியில் இருக்கிறது, சதவீத ஷீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால் கருவியை மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். 80 சதவீதத்துக்கு மேல் காட்டும் எல்லா வரிகளையும் வடிகட்டி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரிடம் போய் மிச்சம் என்ன என்று மட்டும் கேளுங்கள். "வேலை இருக்கிறது" என்று பதில் வந்தால் தேதி வாங்குங்கள், "அவர் சொல்லணும்" என்று வந்தால் அந்த 'அவர்' யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பழைய மீட்டிங் குறிப்புகளிலிருந்து அந்த வரிக்கு முதலில் சொன்ன தேதியையும் தேடி எடுத்துப் பக்கத்தில் போடுங்கள். இரண்டு நாள் வேலை. அந்தப் பெயர்களும் தேதிகளும்தான் உங்கள் பதிவேட்டின் முதல் பக்கம், அடுத்த மீட்டிங்குக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம்.